ஸ்மூத்னிங்கே போதும்

என் முடியைப் பத்திப் பேசாத வாய் எங்க சொந்தத்துலயே கிடையாது. பொறந்ததுல இருந்தே சுருட்டை. சாதா சுருட்டை இல்லை, சீப்பை உள்ள வுட்டா சீப்புக்கு வெளிய வர வழி தெரியாத சுருட்டை. "கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்"னு சொல்லிச் சொல்லியே எங்கம்மா என்னைத் தேத்தி வெச்சுது. சோறு போட்டுதுதான், பொய் சொல்லக் கூடாது. மயிலம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல நான் சத்துணவு அமைப்பாளர். ஊர்ல சத்துணவு டீச்சர்னு கூப்பிடுவாங்க. ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் தெனம் சோறு போடறேன். திண்டிவனத்துல வாடகை வூட்டுக்குத் திரும்பி வந்தா எனக்கு நானே போட்டுக்கறேன்.

என் பேர் பிரபாவதி. வயசு நாப்பத்தெட்டு, கல்யாணம் ஆகல. ஏன் ஆகலன்னு யாராவது கேட்டா, "உங்க வூட்ல மாப்பிள்ளை சும்மா குந்தினு இருந்தா அனுப்புங்க"ம்பேன். அதோட வாயை மூடிக்குவாங்க. நெசம் இன்னான்னா, வரன் வந்துக்கினு இருந்த வயசுல அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துடுச்சு. தூக்கி உக்கார வைக்கறதும், தொடைக்கறதும், தலை வாரி வுடறதுமா என் காலம் ஓடிச்சு. அம்மா போன பிறகு, எனக்கு ஒரு கல்யாணம் பாக்கி இருக்குதுன்னு யாருக்குமே ஞாபகம் வரல. எங்கண்ணன் தேவா விழுப்புரத்துல வூடு கட்டிக்கினு நல்லாதான் இருக்குது. அதுக்கும் ஞாபகம் வரல.

அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சப்ப அண்ணி ஜெயம் போன் பண்ணாங்க. "பிரபா, மண்டபத்துக்கு வர்றப்ப அந்தத் தலையை மட்டும் எதாவது பண்ணிக்கினு வாம்மா. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கொஞ்சம் பெரிய இடம். வீடியோல எல்லாம் வுழும்."

எனக்கு வந்துது பாரு கோவம்! வீடியோவுக்குப் பயந்து தலையைக் கழட்டியா வெச்சுட்டு வர முடியும்? ஆனா அண்ணிகிட்ட வாயைக் குடுத்தா அப்புறம் அண்ணன் வூட்டு வாசப்படி எனக்கு ஒசரமாயிடும். இருக்கறது ஒரு வாசப்படிதான். சரின்னு சொல்லிட்டு, மேம்பாலத்துக்கு அந்தாண்ட ஒரு பார்லருக்குப் போனேன். வாழ்க்கையில அதான் மொதல் தடவை.

அங்கதான் அஸ்வினி இருந்தா. இருவத்தி நாலு வயசு இருக்கும். பனமலைப் பக்கத்துப் பொண்ணு, லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி வேலை செஞ்சுக்கினு இருந்தா. என் தலையைப் பாத்ததும், "ஐயோ மேடம், செம முடி!"ன்னா. கிண்டலோன்னு மொறைச்சேன். கிண்டல் இல்லை. ரெண்டு கையாலயும் அள்ளிப் பாத்தா.

"ஸ்மூத்னிங் பண்ணலாமா, பர்மனென்ட்டா ஸ்ட்ரெய்ட்னிங்கே பண்ணிடலாமா மேடம்?"

"ரெண்டுக்கும் இன்னாடி வித்தியாசம்? எனக்குக் கல்யாணத்தன்னிக்கு அடங்கிக் கெடந்தா போதும்."

"ஸ்மூத்னிங்னா மேல பூச்சு மாதிரி. காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணா நிக்குது இல்ல, அதுமாதிரி. தொவைக்கத் தொவைக்கப் போயிடும். மூணு மாசம், நல்லா பாத்துக்கினா நாலு மாசம். உள்ள உங்க முடி உங்க முடியாவேதான் இருக்கும். பர்மனென்ட் அப்படி இல்லை மேடம். க்ரீம் உள்ள போயி முடிக்குள்ள இருக்கிற முடிச்சையெல்லாம் அவுத்துடும். அயர்ன் வெச்சு இழுத்து, இன்னொரு மருந்து போட்டு அப்படியே நிறுத்திடுவோம். அந்த முடி அப்புறம் தலைகீழா நின்னாலும் சுருளாது. வேர்ல புதுசா மொளைக்கறது மட்டும்தான் சுருட்டையா வரும்."

"அப்ப பூச்சே போடு. என் முடி எங்கியும் போவ வேணாம்."

முதல்ல தலையைக் கழுவணும்னு கூட்டிக்கினு போனா. சாஞ்சு உக்கார ஒரு நாற்காலி, கழுத்தை வெச்சுக்க ஒரு தொட்டி. வெதுவெதுன்னு தண்ணியை வுட்டு, ஷாம்பு போட்டு, விரலை உள்ள வுட்டுத் தேய்ச்சா. காதுக்குப் பின்னால, பொடனியில, உச்சியில. ஏன்னு எனக்கே தெரியல, கண்ணுல இருந்து தண்ணி காதுக்குள்ள எறங்குது.

"இன்னா மேடம், ஷாம்பு கண்ணுல போயிடுச்சா?"

"ஆமாண்டி. பாத்துப் போட மாட்டியா?"ன்னு எரிஞ்சு வுழுந்தேன்.

அன்னிக்கு வூட்டுக்கு வந்து யோசிச்சேன். என் தலையில என் கை தவிர வேற கை பட்டு எவ்ளோ வருஷம் ஆச்சு? பஸ்ஸுல இடிக்கறவன் கை கணக்குல வராது. அம்மாவுக்குக் கை வெளங்காம போன பிறகு, அம்மா தலையை நான் தொட்டேன், என் தலையைத் தொட ஆள் இல்லை. எங்க பக்கத்துல ஒரு பொம்பளை தலையில ஊரே கை வைக்கறது ரெண்டே தடவைதான். வயசுக்கு வந்தப்ப மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க, கல்யாணத்துல நலங்கு வெப்பாங்க. எனக்கு மொதலாவது நடந்துது. பந்தல் போட்டு, அத்தைங்க மாமிங்கன்னு ஆளாளுக்கு வந்து தலையில ஊத்தி, கன்னத்தைத் தடவி, திருஷ்டி கழிச்சாங்க. பதிமூணு வயசுல கூச்சத்துல நெளிஞ்சுக்கினு இருந்தேன். அதோட சரின்னு அப்பவே தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் குந்தினு இருந்திருப்பேன்.

கல்யாணத்துக்குப் போனேன். முடி தோள்ல மழமழன்னு வுழுந்துக்கினு இருக்குது, சொந்தமெல்லாம் "யாரு, பிரபாவா!"ன்னு வாயைப் பொளக்குது. பொண்ணுக்கு நலங்கு வெக்கறப்ப, அத்தைன்னு நான் எழுந்தேன். அத்தைக்கு அது உரிமை. அண்ணி வந்து என் தோளைப் புடிச்சு, "சுமங்கலிங்க வெச்சுடட்டும் பிரபா. நீ போயி பந்தியைப் பாரு. சோறு போடற வேலையில உன்னை மிஞ்ச ஆள் உண்டா?"ன்னாங்க. சிரிச்சுக்கினேதான் சொன்னாங்க. நானும் சிரிச்சுக்கினே போயி சாம்பார் வாளியைத் தூக்கினேன். அந்த முடியோட.

நாலு மாசம் போறதுக்குள்ள நெத்தி ஓரத்துல சுருள ஆரம்பிச்சுது. எனக்கு சந்தோஷம் தாங்கல. ஒரு சனிக்கிழமை பார்லர்ல போயி நின்னேன்.

"வாங்க மேடம்! மறுபடி எதாவது ஃபங்ஷனா?"

"ஆமாடி, ஃபங்ஷன்"னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு உக்காந்தேன்.

அப்படியே பழகிடுச்சு. மேடம் போயி ஆன்ட்டி ஆச்சு. "ஆன்ட்டின்னா அறைஞ்சுடுவேன்"னேன். அதுக்கப்புறம் அக்கா ஆச்சு. பிறகு "வாக்கா, குந்து" ஆச்சு. தலையைக் கழுவறப்ப அவ வாய் நிக்காது. ஹாஸ்டல் சட்னியில தேங்காயே இல்லைன்னு பொலம்புவா. ஓனரம்மா பேஜாரு பண்றாங்கன்னு மெதுவா காதுல சொல்லுவா. விழுப்புரத்துல மொபைல் கடை வெச்சிருக்கற இனியவன்னு ஒருத்தனை லவ் பண்றதை அவ அம்மாவுக்கு முன்னாடி எங்கிட்டதான் சொன்னா. நான் கொஞ்சம் அசைஞ்சா போதும், "தலையை ஆட்டாதக்கா, எரும மாட்டைக் குளிப்பாட்டற மாதிரி இருக்குது"ன்னு மண்டையில ஒண்ணு போடுவா. என்னை ஒருத்தி எருமைங்கறா, நான் கண்ணை மூடிக்கினு சிரிச்சுக்கினு கெடப்பேன். பள்ளிக்கூடத்துல எவனாவது அப்படிச் சொல்லிட்டு வூடு போயி சேந்துடுவானா?

எங்க சமையலம்மா முனியம்மாள் சும்மா இருக்குமா? "இன்னா டீச்சர், தலை மினுமினுக்குது, மாப்பிள்ளை வந்துட்டாரா?"ன்னு முட்டை உரிச்சுக்கினே கேக்கும். "வந்தா உனக்குத்தான் மொதல்ல காட்டுவேன், பல்லு இருக்குதான்னு பாத்துச் சொல்லு"ம்பேன். அண்ணி காதுக்கும் போச்சு. "வயசான காலத்துல இன்னாத்துக்கு இந்த மினுக்கு"ன்னு கேட்டாங்களாம். முடியை நேராக்கச் சொன்னதே அவங்கதான். நல்லா இருக்குது நியாயம்.

யாருக்கும் நான் காரணம் சொல்லல. பூச்சு சீக்கிரம் போவணும்னு, எங்க வூட்டு போர் தண்ணியைத் தலைக்கு ஊத்த ஆரம்பிச்சேன். வாயில வைக்க முடியாத உப்புத் தண்ணி அது. அஸ்வினி குடுத்த ஷாம்பு பாட்டில் அலமாரியில அப்படியே இருக்கும். "இன்னாக்கா, உனக்கு மட்டும் நிக்கவே மாட்டேங்குது? ஷாம்பு போடறியா இல்லியா?"ன்னு அவ திட்டுவா. "போடறேண்டி, என் முடிக்குத் திமிரு"ம்பேன்.

ஒவ்வொரு தடவையும் அவ ஒரே பாட்டுதான். "பர்மனென்ட் பண்ணிக்கக்கா. இப்படி அலைய வேணாம்." அலையறதே எனக்கு வேணும்னு எந்த வாயால சொல்றது? "அந்த க்ரீம் நாத்தம் எனக்கு ஆவாது"ம்பேன். "ஸ்மூத்னிங்கே போதும்டி"ம்பேன். பர்மனென்ட் பண்ணிக்கினா அங்க போறதுக்கு எனக்கு வேலை இல்லை. அதுதான் விஷயம். வேலை இல்லாம ஒரு எடத்துக்குப் போயி எனக்குப் பழக்கம் இல்லை.

போன வருஷம் கார்த்திகை மாசம், அவளே போன் பண்ணா. "அக்கா, வூட்ல ஒத்துக்கினாங்க! தை மாசம் கல்யாணம். இனியவன் விழுப்புரத்துல எனக்குன்னு ஒரு பார்லர் வெச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கறாரு. இந்த ஞாயித்துக்கிழமையோட இங்க வேலை முடியுது. நீ காலையிலயே வந்துடு."

போனேன். அவ கதவைத் தொறந்து, கண்ணுல சந்தோஷத்தோட நிக்கறா. மேசை மேல பெரிய டப்பாவா ரெண்டு க்ரீம்.

"இன்னிக்கு உனக்கு பர்மனென்ட்டு. என் கிஃப்டு. ஒண்ணும் பேசக் கூடாது. நான் போயிட்டா உன் முடியை யார்கிட்ட குடுத்துட்டு நிப்ப? யாரையும் தேடி அலையாம, நிம்மதியா இரு."

வேணாம்னு கத்தணும் போல இருந்துது. "நாத்தம் ஆவாதுடி"ன்னு மெதுவாச் சொன்னேன். "நாத்தம் கம்மியான க்ரீமா பாத்து, சென்னையில இருந்து உனக்குன்னு வரவழைச்சேன்க்கா"ன்னா. எனக்குன்னு ஒருத்தி ஒரு பொருளை வரவழைச்சிருக்கறா. அதைப் போயி வேணாம்னு எப்படிச் சொல்றது? சொல்லலாம். ஏன் வேணாம்னு கேப்பா. அதைச் சொல்லணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்லை. போயி உக்காந்தேன்.

காலையில உக்காந்தவ சாயங்காலம்தான் எழுந்தேன். முடியைக் கத்தை கத்தையாப் பிரிச்சு, க்ரீமைத் தடவி, ஊற வெச்சு, அலசி, காய வெச்சு, இழை இழையா அயர்ன் பண்ணி, மறுபடி மருந்து போட்டு, மறுபடி அலசினா. நடுவுல அவ டிபன் பாக்ஸ்ல இருந்து எலுமிச்சை சாதத்தைப் பாதி எனக்கு எடுத்து வெச்சா. கல்யாணப் புடவை கலரைப் பத்திப் பேசினா. நாள் முழுக்க என் தலை அவ கையிலதான் இருந்துது. இது முடியக் கூடாது முடியக் கூடாதுன்னு நான் உள்ள சொல்லிக்கினே இருந்தேன். முடிச்சுட்டு கண்ணாடியைக் காட்டினா. உள்ள வேற யாரோ ஒருத்தி, கோரை முடியோட.

"மூணு நாளைக்குத் தலையில தண்ணி படக் கூடாது. முடியைக் கட்டக் கூடாது, பூ வைக்கக் கூடாது, காதுக்குப் பின்னாலகூட ஒதுக்கக் கூடாது. மடங்கின எடத்துல அப்படியே மடங்கிடும். கெடுத்துட்டன்னு வையி, கொன்னுடுவேன்."

ரெண்டாவது நாள் எதிர்வூட்டு சீனுவாசன் அய்யா செத்துட்டாரு. பாவம், நல்ல மனுஷன். கேஸ் சிலிண்டர் வந்தா எனக்காக வாங்கி வெப்பாரு. சாவு வூட்டுக்குப் போனா தலைக்கு ஊத்தாம வூட்டுக்குள்ள வர முடியாது. எங்க தெருவுல அதுக்குன்னே திரும்பி வர்றவங்களுக்குப் பக்கெட்ல தண்ணி ரொப்பி வெளிய வெச்சிருப்பாங்க. நான் கதவுக்கு உள்ள நின்னுக்கினு ஜன்னல் வழியாப் பாத்துக்கினு இருந்தேன். பறை அடிக்குது. பொம்பளைங்க கட்டிப் புடிச்சு அழறாங்க. அங்க போயிருந்தா நானும் நாலு பேரைக் கட்டிப் புடிச்சு அழுதிருக்கலாம். போகல. அவ ஒரு நாள் முழுக்க நின்னுக்கினு செஞ்ச வேலை, அதுல தண்ணியை ஊத்த எனக்கு மனசு வரல.

தெருவுல தெரிஞ்சு போச்சு. "தலை நனைஞ்சுடும்னு சாவுக்கு வராதவ"ன்னு எனக்குப் பேர் வெச்சுட்டாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன். சீனுவாசன் அய்யா வூட்டம்மா இப்பவும் எங்கிட்ட பேசறது இல்லை. கோலம் போடறப்ப என்னைப் பாத்தா முதுகைக் காட்டிக்குது.

அந்த மூணு நாளும் அஸ்வினி போன் பண்ணா. "அக்கா, தண்ணி படல இல்ல?" "படலடி." நாலாவது நாள் போன் வரல. ஏன் வரணும்? மூணு நாள்தானே கணக்கு.

கல்யாணம் மயிலம் கோயில்ல நடந்துது. போனேன். கூட்டத்துல என்னைப் பாத்துட்டு, தலையைக் காட்டி சூப்பர்னு கையால சாடை காட்டினா. சாப்ட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.

அப்புறம் நாள் போறது நத்தை ஊர்ற மாதிரி ஆச்சு. பள்ளிக்கூடத்துல மத்தியானம் வரைக்கும் சத்தம். வூட்டுக்கு வந்தா டிவி பேசும். சனிக்கிழமைன்னு ஒண்ணு இருக்குதே, அதை என்ன பண்றதுன்னே தெரியாது. மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, வேக வெச்சுத் தின்னுக்கினு குந்தியிருப்பேன். பழைய மாதிரி போர் தண்ணியை ஊத்திப் பாத்தேன். சீக்காய் போட்டுத் தேய்ச்சுப் பாத்தேன். ராத்திரி பின்னல் போட்டு இறுக்கிக் கட்டினு படுத்துப் பாத்தேன். அது பாட்டுக்கு நிக்குது, சல்யூட் அடிக்கிற போலீஸ்காரன் மாதிரி! காலையில அவுத்தா ரெண்டு மணி நேரத்துல நேராயிடுது. ஊர்ல அவ அவ முடி நிக்கலன்னு அழறா, எனக்குப் போவலன்னு அழுகை. யார்கிட்ட சொன்னாலும் கீழ்ப்பாக்கத்துக்கு வண்டி ஏத்தி வுட்டுடுவாங்க.

வேர்ல மட்டும் சுருட்டை வரும்னு அவ சொன்னது ஒண்ணுதான் நம்பிக்கை. தெனம் கண்ணாடி முன்னால நின்னு வகிட்டுல விரலை வெச்சுத் தடவிப் பாப்பேன், கொழந்தைக்குப் பல்லு மொளைக்குதான்னு தடவற மாதிரி. ஆடி பொறந்தப்ப விரல்ல நெருநெருன்னு தட்டுச்சு. வகிடு பக்கத்துல மூணு விரக்கடை உசரத்துக்கு என் சுருட்டை வந்து நின்னுது. மேல சுருட்டை, கீழ கோரை. பாக்கறதுக்கு அசிங்கம்தான். நான் ஜல்தியா சேலையை மாத்திக்கினு விழுப்புரம் பஸ்ஸைப் புடிச்சேன். பஸ்ஸுல போற வழியெல்லாம், அவ இன்னா திட்டுவா, நான் இன்னா திருப்பிச் சொல்றதுன்னு யோசிச்சு தனியா சிரிச்சுக்கினு போனேன். பக்கத்து சீட்டு பொம்பளை தள்ளி உக்காந்துச்சு.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து அவ புது பார்லர் நடக்கற தூரம்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, அவ பேர்லயே போர்டு. உள்ள ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க. ஒரு காலேஜ் பொண்ணு தலையில க்ரீமோட, இன்னொரு அம்மா மூஞ்சியில பேஸ்ட்டோட.

"அக்கா!"ன்னு ஓடி வந்து கையைப் புடிச்சுக்கினா அஸ்வினி. கொஞ்சம் சதை போட்டிருந்தா, நல்லா இருந்துது. டீ வரவழைச்சா. என் தலையைக் குனிய வெச்சு, "வேர் வந்துடுச்சு, டச்-அப் பண்ணிடலாம்"னு சொல்லிட்டு உள்பக்கம் திரும்பி, "அன்பு, அக்காவைக் கூட்டிக்கினு போயி வாஷ் பண்ணு"ன்னா.

அன்புச்செல்வின்னு ஒரு பொண்ணு வந்துது. வேலைக்கு வெச்சிருக்கறாளாம். "நீ?"ன்னு கேட்டேன். "நான் இப்ப வாஷ் எல்லாம் பண்றது இல்லைக்கா, முன்பக்கம் கஸ்டமரைப் பாக்கவே சரியா இருக்குது. அன்பு நல்லா பண்ணுவா, போ"ன்னா.

போயி கழுத்தைச் சாச்சேன். அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. தண்ணி சூடு சரியா இருந்துது, நகம் படல. காதுல ஒரு வயர் மாட்டிக்கினு எதையோ கேட்டுக்கினு தேய்ச்சுக்கினு இருந்தா. காலையில இருந்து எத்தினி தலை பாத்தாளோ, இதுவும் ஒரு தலை. எனக்குக் கோவம் மளமளன்னு ஏறிடுச்சு. ஏழு எட்டு மாசமா மூணு விரக்கடை முடிக்கு நான் காத்துக்கினு இருந்தது இதுக்கா? எழுந்துட்டேன். "மேடம், நுரை, நுரை!"ன்னு அந்தப் பொண்ணு கத்துது. தலையெல்லாம் நுரையோட, ஜாக்கெட்டு முதுகுல தண்ணி ஓட, அப்படியே முன்பக்கம் போயி நின்னேன்.

"நீ கழுவுடி."

"இன்னாக்கா, அன்பு இன்னா பண்ணா?"

"அவ ஒண்ணும் பண்ணல. நீ கழுவு. உன் கைக்குத்தான் வந்தேன். முடியாவது மண்ணாவது! எனக்கு முடி எப்படி இருந்தா இன்னா, யார் பாக்கப் போறா? என் தலையைத் தொட இந்த ஒலகத்துல ஆள் இல்லடி. நீ ஒருத்திதான் தொட்ட. அதுக்குத்தான் நான் மாசம் தவறாம உப்புத் தண்ணியை ஊத்திக்கினு ஊத்திக்கினு உங்கிட்ட ஓடி வந்தேன். நீ இன்னா பண்ண? பர்மனென்ட்டுன்னு ஒண்ணைப் பண்ணி, இனிமே வராதேன்னு அனுப்பி வுட்டுட்ட."

சொல்லி முடிச்ச பிறகுதான் சத்தம் போட்டுட்டேன்னு தெரிஞ்சுது. காலேஜ் பொண்ணு போனைப் பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிச்சு. பேஸ்ட்டு போட்ட அம்மா ஒரு கண்ணை மட்டும் தொறந்து பாத்துது. நுரை என் நெத்தியில வழிஞ்சுக்கினு இருந்துது.

அஸ்வினி வளையலைக் கழட்டி மேசை மேல வெச்சா. என் கையைப் புடிச்சு உள்ள கூட்டிக்கினு போயி, உக்கார வெச்சு, கழுத்துக்குக் கீழ ஒரு துண்டை மடிச்சு வெச்சா. அப்படி அவ வெச்சதே இல்லை. தண்ணியைக் கையில வுட்டுப் பாத்துட்டு என் தலையில வுட்டா.

அதே கைதான். அதே விரல்தான். ஆனா ஆஸ்பத்திரியில ஒடம்பு முடியாதவங்களைத் தொடைப்பாங்களே, நானே எங்கம்மாவை அப்படித்தான் தொடைச்சேன், அந்த மாதிரி அவ்ளோ மெதுவாத் தேய்க்கறா. எங்கியும் அழுத்தல. ஒரு சட்னி பேச்சு இல்லை, மாமியார் பேச்சு இல்லை. நான் வேணும்னே தலையை இந்தாண்ட அந்தாண்ட ஆட்டினேன். கையை எடுத்துக்கினு, நான் ஆட்டி முடிக்கற வரைக்கும் பொறுமையா நின்னா.

"எதாவது பேசேண்டி"ன்னேன்.

"இன்னாக்கா பேசறது"ன்னா. மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுது. எனக்காக அழறா. அவ எனக்காக அழறது எனக்கு வேணாம். அவ என்னை எருமைன்னு சொல்லணும். கேட்டு வாங்கினதுல அது வரல. வராதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். வாயை மூடிக்கினு அந்த அன்பு கையிலயே தலையைக் குடுத்திருந்தா, அஸ்வினியாவது பழைய அஸ்வினியா இருந்திருப்பா.

டச்-அப் வேணாம்னு சொல்லிட்டேன். தலையைத் தொவட்டி வுட்டா. கதவு வரைக்கும் கூட வந்தா, படிக்கட்டுல நின்னு என் கையைப் புடிச்சுக்கினா.

"இனிமே முடிக்குன்னு எல்லாம் வராதீங்கக்கா. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப வாங்க. சும்மா வாங்க. இது உங்க வூடு மாதிரி."

நல்ல மனசோடதான் சொன்னா, அதுல சந்தேகமே இல்லை. சரின்னு தலையை ஆட்டிட்டு படி எறங்கி, ஈரத் தலையோட பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஒரு எடத்துக்கு சும்மா எப்படிப் போறதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, இத்தினி நாளா இந்தத் தலையை நான் ஏன் நேராக்கிக்கினு திரிஞ்சிருக்கப் போறேன்?